படத்தில் இல்லாத சுகாவா-சான்

சுகாவா தொமோயே எங்கள் லாண்டரியில் வேலைக்குச் சேர்ந்தபோது அவளை எனக்குப் பிடிக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் பின்னால் வருவதையெல்லாம் படித்துவிட்டு என்னை நல்லவள் என்று நினைத்துவிடுவீர்கள்.

எங்கள் ஊர் பெப்புவில் மலைச்சரிவிலிருந்து கடற்கரை வரை வெந்நீர் விடுதிகள்தான். அத்தனை விடுதிகளின் விரிப்பையும் துண்டையும் குளியல் அங்கியையும் யாராவது தினமும் துவைத்தாக வேண்டும். அதில் ஒரு பங்கு எங்களுடையது. வேலையாட்கள் ஒன்பது பேர், முதலாளி தகேமுரா, அவர் மனைவி, ஆக மொத்தம் பதினோரு பேர். நான், எத்தோ இகுயோ, மடிக்கும் மேசையில் பதினாறு வருஷமாக நிற்கிறேன். விரிப்பை இரண்டு பேர் இரண்டு முனையில் பிடித்து இழுத்து மடிக்க வேண்டும். என் எதிர்முனைக்கு சுகாவாவைப் போட்டார்கள், மரியாதைக்கு எல்லோரும் சுகாவா-சான் என்போம். நாற்பது வயசு இருக்கும். ஒல்லியான உடம்பு, வேகமான கை. என்ன பேசினாலும் சிரிப்பாள், ஆனால் தன்னைப் பற்றி ஒரு வார்த்தை வாயிலிருந்து வராது. எந்த ஊர் என்றால், "அந்தப் பக்கம்தாங்க" என்பாள். எந்தப் பக்கம் என்று கடைசிவரை தெரியாது.

லாண்டரியில் எல்லோரும் சேர்ந்து படம் எடுத்தால், "நீங்க நில்லுங்க, நான் எடுக்கறேன்" என்று ஃபோனை வாங்கிக்கொள்வாள். எங்கள் அரட்டைக் குழுவில் அவள் படத்துக்குப் பதிலாக ஒரு முள்ளங்கி இருந்தது. பார்சல் அட்டைப்பெட்டியைக் குப்பையில் போடுமுன், முகவரியின் மேல் கருப்பு மை உருளையை நாலு தரம் ஓட்டுவாள்.

"நம்ம ஊருத் திருடனுக்குப் படிக்கவே தெரியாதுங்க சுகாவா-சான்" என்பார் முதலாளியம்மா.

கடைக்குச் சேர்ந்து போனால் எனக்கு மானமே போகும். வாங்கும் பொருளுக்கெல்லாம் தள்ளுபடிப் புள்ளி ஏற்றும் அட்டை ஒன்று உண்டு. கல்லாவில் இருக்கும் பெண், "புள்ளி அட்டை இருக்குங்களா?" என்று கேட்பாள்.

"இல்லைங்க."

"இப்பவே போட்டுத் தரேங்க, இலவசம்தான்."

"வேண்டாங்க."

ஒருநாள் எனக்குப் பொறுக்கவில்லை. "அந்தப் புள்ளியை இப்படித் தரையில கொட்டறீங்களே, என் அட்டையிலயாவது ஏத்தக் கூடாதா?" என்றேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அன்றிலிருந்து அவள் வாங்கும் டோஃபுவுக்கும் வெங்காயத்தாளுக்கும் என் அட்டையில் புள்ளி ஏறியது. அப்படியும் அவளைக் கர்வம் பிடித்தவள் என்றே நினைத்தேன். எங்களோடு படத்தில் நிற்கப் பிடிக்காதவள், எங்கள் ஊர்க் கடை அட்டைகூட வேண்டாதவள் என்று.

அவள் வந்த மறு வருஷம், ஜூலையில், எல்லோரும் கடற்கரைக்குப் போனோம். கண்ணைக் கட்டிக்கொண்டு தடியால் தர்பூசணியை உடைக்கும் விளையாட்டு. முதலாளி தர்பூசணியை விட்டுவிட்டு வாளியை உடைத்தார். அதை நான் படம் எடுத்தேன். ஆவியில் வேகவைத்த புட்டிங் இனிப்பின் படங்களைப் போடுவதற்கென்று சமூக வலைத்தளத்தில் ஒரு கணக்கு வைத்திருந்தேன். நானூறு பேர் பார்ப்பார்கள், அதில் எனக்குப் பெருமை. வாளி உடைந்த படத்தையும் அதில் போட்டேன். இடது ஓரத்தில் நீலத் தலைத்துணி கட்டிய ஒரு பாதி முகம் விழுந்திருந்தது. அது சுகாவாவுடையது. அவளுக்குப் பிடிக்காது என்று தெரியும். பாதி முகம்தானே என்று போட்டுவிட்டேன்.

மூன்று நாள் கழித்து, ஒரு பெண் பேரில் எனக்குச் செய்தி வந்தது. "எவ்வளவு சந்தோஷமான படம்! ஓரத்துல நீலத் துணி கட்டியிருக்கறவங்க என் பள்ளித் தோழி மாதிரியே இருக்காங்க. ரொம்ப வருஷமாத் தேடறேன். இது எந்த ஊருங்க?"

"பெப்புங்க. எங்க லாண்டரி ஆளுங்கதான்" என்று எழுதி, கீழே ஒரு சிரிக்கும் முகமும் போட்டேன்.

மறுநாள் காலை, முதல் விரிப்பைப் பிடிக்கும்போதே சொல்லிவிட்டேன். "சுகாவா-சான், உங்களுக்கு ஒரு நல்ல சேதி. உங்க பள்ளித் தோழி உங்களைக் கண்டுபிடிச்சுட்டாங்க!"

அவள் முகத்தில் ரத்தமே இல்லை. ஆனால் கை நிற்கவில்லை. அந்த விரிப்பை ஓரத்தோடு ஓரம் சேர்த்து முழுவதும் மடித்தாள், அடுக்கில் வைத்தாள், அதன்மேல் உள்ளங்கையால் ஒருமுறை தடவினாள். பிறகு, "எத்தோ-சான், பத்து நிமிஷம் உள்ள வரீங்களா?" என்றாள்.

ஓய்வறையில் கதவைச் சாத்தியதும் கத்தப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் கேள்விதான் கேட்டாள். "எப்ப போட்டீங்க? அதை யாரெல்லாம் பாக்கலாம்? பதில்ல என்ன எழுதினீங்க, அப்படியே ஒரு வார்த்தை விடாம சொல்லுங்க."

சொன்னேன்.

"நான் தொழிற்பள்ளியில மின்சாரம் படிச்சவ. வகுப்புல முப்பத்தாறு பையனுங்க, பொண்ணு நான் ஒருத்திதான். எனக்குப் பள்ளித் தோழின்னு யாரும் கெடையாதுங்க" என்றாள்.

அன்றைக்குத்தான் அவள் கதை எனக்குத் தெரிந்தது. கணவன் நகோயா பக்கம். வெளியில் யாரிடமும் அதிர்ந்து பேசமாட்டான், வீட்டுக்குள் அடிப்பான். மகள் நாயோவுக்கு ஏழு வயசாக இருந்தபோது, தாயும் மகளும் கட்டிய துணியோடு சுகாவாவின் அக்கா ஊருக்குப் போய்விட்டார்கள். நாலாம் நாள் கதவைத் தட்டினான். எப்படித் தெரிந்தது என்று புரியாமல் வீடு முழுவதும் தேடினாள். நாயோவின் பள்ளிப் பை உள்துணியைப் பிரித்தபோது, பழைய காசு அளவுக்கு ஒரு வட்டத் துண்டு கிடைத்தது. இருக்கும் இடத்தை ஃபோனுக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும் சாதனம். அதைத் தையல்போட்டு உள்ளே வைத்திருந்தான்.

அடுத்த ஊரில் ஃபோனே காட்டிக்கொடுத்தது. அவள் எடுக்கும் படமெல்லாம் பழைய குடும்பக் கணக்கில் தானாகப் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தது, அதன் கடவுச்சொல் அவனிடமும் இருந்தது. மொட்டைமாடியில் காயும் துணியைப் படம் எடுத்தாள். பின்னால் மின்கம்பத்தில் தெருப் பேர் எழுதிய தகடு. அவ்வளவுதான். அதற்கப்புறம் ஃபோன், எண், மின்னஞ்சல் எல்லாவற்றையும் மாற்றிக்கொண்டு மூன்றாவது ஊருக்குப் போனாள். அங்கே ஐந்து மாசம் நிம்மதியாக இருந்தாள். ஒருநாள் பால் வாங்கும்போது பர்ஸில் இருந்த பழைய புள்ளி அட்டையை நீட்டினாள். அது அவன் பேரில் எடுத்த குடும்ப அட்டை. எந்த ஊரில், எந்தக் கடையில், எத்தனை மணிக்குப் புள்ளி ஏறியது என்று அவன் ஃபோனில் வரிசையாகத் தெரிந்தது.

ஃபோனை எடுத்து, "இப்பவே அழிச்சுடறேன், கணக்கையே மூடிடறேன்" என்றேன்.

அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள். "அவசரப்படாதீங்க. மொதல்ல அந்தச் செய்தியைத் தேதியோட படம் புடிங்க, போலீஸுக்கு வேணும். அப்புறம் என் படத்தை அழிச்சுடுங்க. அந்தப் பேருல எழுதறது அவன்தான். அவன் கணக்கை இப்ப தடுக்க வேண்டாம், தடுத்தா நாம முழிச்சுக்கிட்டோம்னு தெரிஞ்சுடும்."

"நீங்க வேலையை விட்டுப் போய்ட்டீங்கன்னு எழுதட்டுமா?"

"வேண்டாங்க. பொய் சொன்னா ஞாபகம் வெச்சுக்கணும், அடுத்த கேள்விக்கு இன்னொரு பொய் வேணும். பேசாம இருந்தா ஒண்ணுமே வேண்டாம்."

அன்று மத்தியானமே முதலாளியிடம் போனாள். நானும் பின்னால் போனேன். "இன்னிக்கோட நின்னுக்கறேங்க" என்றாள்.

"ஏன், எத்தோ ஏதாவது சொன்னாளா?" என்றார் தகேமுரா. அவர் விளையாட்டாகத்தான் கேட்டார். நான் அழ ஆரம்பித்துவிட்டேன்.

சுகாவா சுருக்கமாகச் சொன்னாள். முதலாளி எழுந்தார். அவர் அறைக்கு வெளியே, தெருவைப் பார்த்த கண்ணாடிக்கு நேராக ஒரு வெள்ளைப் பலகை மாட்டியிருந்தது. யார் எந்தக் கிழமை எத்தனை மணிக்கு வேலை என்று எங்கள் முழுப் பேரும் அதில் இருக்கும். சட்டைக் கையாலேயே அதைத் துடைத்தார்.

"இதை இங்க மாட்டுனவன் நான். இருபது வருஷமா ரோட்டுல போறவன் வர்றவன் எல்லாம் படிச்சிருக்கான்" என்றார். பிறகு அவளைப் பார்த்து, "இங்கேர்ந்தும் போனீங்கன்னா இது எத்தனாவது ஊரு?" என்று கேட்டார்.

"அடுத்தது அஞ்சாவதுங்க."

"அங்கேயும் ஒரு எத்தோ இருப்பா, வாயை மூடத் தெரியாதவ. அவளுக்கு மறுபடி மொதல்லேர்ந்து சொல்லிக்குடுக்கணும். இவளுக்காவது இப்ப சூடு பட்டிருக்கு. இருங்க சுகாவா-சான். என்ன செய்யணும்னு சொல்லுங்க, செய்யறோம்."

அவள் ஒரு வாரம் பார்க்கிறேன் என்றாள். முதலாளி அவளை வண்டியில் ஏற்றிக்கொண்டு காவல் நிலையத்துக்குப் போனார். அவன் அவளை நெருங்கக் கூடாது என்று நீதிமன்ற உத்தரவு ஏற்கெனவே இருந்தது. நான் எடுத்து வைத்த செய்தியை அதோடு சேர்த்துக்கொண்டார்கள். எங்களிடமிருந்து அழைப்பு வந்தால் உடனே ஆள் வரும் என்று லாண்டரி எண்ணையும் குறித்துக்கொண்டார்கள்.

சனிக்கிழமை வேலை முடிந்ததும் பதினோரு பேரும் மடிக்கும் மேசையைச் சுற்றி உட்கார்ந்தோம். "எல்லாரும் ஃபோனைத் திறங்க" என்றாள் சுகாவா. அவ்வளவு நேரம் அவள் பேசி நாங்கள் கேட்டதே இல்லை. படத்தோடு இடமும் சேர்ந்து போகாமல் நிறுத்தினோம். நம் எண் தெரிந்தவன் எல்லாம் அரட்டையில் நம்மைத் தேடிப் பிடிக்கும் வழியை அடைத்தோம். என் புட்டிங் கணக்கைத் தெரிந்தவர்கள் மட்டும் பார்ப்பதாக மாற்றினேன். நானூறு பேர் முப்பத்திரண்டு பேரானார்கள். மீதிப் பேர் யார் என்றே எனக்குத் தெரியாமல் இருந்திருக்கிறது.

முதலாளியம்மாவின் ஃபோனைப் பார்த்து அவள் சற்று நிறுத்தினாள். "நீங்க எங்க இருக்கீங்கன்னு எந்நேரமும் மூணு பேருக்குப் போய்க்கிட்டு இருக்குங்க. இதுல இவரு யாரு?"

"தெரியலையே!" என்றார் அம்மா. கையால் வாயைப் பொத்திக்கொண்டார். "அப்போ நான் பாச்சிங்கோ சூதாட்டத்துக்குப் போனதெல்லாம் தெரிஞ்சிருக்குமா?"

"இப்ப எனக்கும் தெரிஞ்சுபோச்சு" என்றார் முதலாளி.

என் முறை வந்தபோது, கடவுச்சொல் எப்படி வைத்திருக்கிறேன் என்று கேட்டாள். எல்லாவற்றுக்கும் ஒன்றுதான், நாயின் பேரும் அதன் பிறந்த நாளும் என்றேன். "நாய் பேரை எல்லாப் படத்துக்கும் கீழ எழுதியிருக்கீங்க. பிறந்த நாளுக்குக் கேக்கே வெட்டிப் படம் போட்டிருக்கீங்க எத்தோ-சான்" என்றாள். மேசையே சிரித்தது. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நாலு வார்த்தைகளைச் சேர்த்து நீளமாக ஒன்று வைக்கச் சொன்னாள். கணக்குக்குக் கணக்கு வேறு வேறு கடவுச்சொல் வைத்துப் பூட்டிக் காக்கும் செயலி ஒன்றையும் போட்டுக்கொடுத்தாள்.

நெஞ்சில் குத்தும் பேர் அட்டைதான் கடைசி. விடுதிகளுக்குத் துணி கொண்டுபோகும்போது முழுப் பேரோடுதான் போவோம். "சொந்தப் பேருதான் இருக்கணும்னு சட்டமா என்ன?" என்று முதலாளி மீன் பேர்களை எழுதிப் போட்டார். சுகாவா கானாங்கெளுத்தி ஆனாள். நான் இறால். முதலாளிக்கு நாங்கள் எல்லோரும் சேர்ந்து பேர் வைத்தோம். அவர் தலையில் ஒரு முடி கிடையாது. ஆக்டோபஸ் என்று எழுதினோம். அதையும் நெஞ்சில் குத்திக்கொண்டார்.

யார் வந்து யாரைப் பற்றிக் கேட்டாலும் ஒரே பதில்தான் சொல்ல வேண்டும் என்று சுகாவா சொல்லியிருந்தாள். இல்லாத ஆளைக் கேட்டாலும் அதே பதில். ஒருத்தருக்கு "இல்லை" என்றும் இன்னொருத்தருக்கு "சொல்லமாட்டோம்" என்றும் சொன்னால், சொல்லமாட்டோம் என்பதே பதிலாகிவிடும் அல்லவா? அந்தப் பதிலை விரிப்பு மடித்துக்கொண்டே மனப்பாடம் செய்தோம்.

நான் அவளிடம் சொன்ன நாளிலிருந்து ஒன்பதாவது நாள், வியாழக்கிழமை, பகல் பதினோரு மணி. முன்கதவு திறந்தது. வெள்ளைச் சட்டை போட்ட ஒரு ஆள், கையில் அழகாகச் சுற்றிய இனிப்புப் பெட்டி. நான் துணிக் கணக்கு எழுத முன்பக்கம் வந்திருந்தேன். குனிந்து வணங்கினான். இட்டாகுரா என்று பேர் சொன்னான். அது சுகாவா விட்டு வந்த கணவன் வீட்டுக் குடும்பப் பேர். அவள் பத்தடி தள்ளி, இஸ்திரி இயந்திரத்துக்குப் பின்னால் இருந்தாள்.

"தொந்தரவுக்கு மன்னிக்கணும். என் மனைவி மனசு சரியில்லாம வீட்டை விட்டு வந்துட்டாங்க. குழந்தையையும் கூட்டிட்டு வந்துட்டாங்க. இங்க இருக்கறதா கேள்விப்பட்டேன். பாத்தா போதும்" என்றான். கண் கலங்கியிருந்தது. உண்மையைச் சொல்கிறேன், விஷயம் தெரியாமல் இருந்திருந்தால் நானே அழுதுகொண்டு உள்ளே ஓடி அவளைக் கூப்பிட்டிருப்பேன்.

முதலாளி கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். "எங்க கிட்ட யாரு வேலை செய்யறாங்கன்னு வெளியாளுங்களுக்குச் சொல்றதில்லைங்க. இருக்காங்கன்னும் சொல்லமாட்டேன், இல்லைன்னும் சொல்லமாட்டேன்."

"இருக்காங்களா இல்லையான்னு மட்டும் ஒரு வார்த்தை…"

"பிரதமரைப் பத்திக் கேட்டாலும் இதேதாங்க சொல்வேன்."

அந்த ஆள் அவர் நெஞ்சில் இருந்த அட்டையைப் பார்த்தான். பிறகு என் பக்கம் திரும்பினான். "நீங்க எத்தோ-சான்தானே? புட்டிங் படம் போடறவங்க. எனக்குப் பதில் எழுதினீங்களே."

"நான் இறாலுங்க" என்றேன். பிறகு மனப்பாடம் செய்த பதிலை முழுவதும் சொன்னேன். ஒரு வார்த்தை விடவில்லை.

அப்போதுதான் அவன் சிரிப்பு போனது. பெட்டியை மேசைமேல் அறைந்தான். "பைத்தியக்கார லாண்டரி! எல்லாரும் சேர்ந்து ஒளிச்சு வெச்சிருக்கீங்க!" என்று கத்தினான். முதலாளி குறுக்கே நின்றார், கை ஓங்கவில்லை. முதலாளியம்மா பின்பக்கத்திலிருந்து காவல் நிலையத்துக்கு ஏற்கெனவே பேசிவிட்டார். ஏழு நிமிஷத்தில் இரண்டு பேர் வந்தார்கள். அதற்குள் வெளியேறிப் பேருந்து நிறுத்தத்தில் நின்றவனைப் பிடித்துக் கூட்டிப்போனார்கள். அவளை அவன் நேரில் நெருங்காததால் அன்று கைது செய்யவில்லை; இனிமேல் இந்த ஊர்ப் பக்கம் வந்து அவளைத் தேடினால் கைதுதான் என்று எழுதி, கையெழுத்து வாங்கி அனுப்பினார்களாம்.

இயந்திரத்துக்குப் பின்னால் போனேன். சுகாவா தரையில் உட்கார்ந்து ஒரு துண்டை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். அந்த ஒன்பது நாளும் சொன்னதையே சொன்னேன். "என்னை மன்னிச்சுடுங்க. எல்லாம் என்னால."

"ஐயோ, நிறுத்தேன்" என்றாள். அதுவரை என்னை "நீங்க" என்றுதான் சொல்வாள். "இங்க பாரு. நாயோ பையில இருந்த வட்டத் துண்டு என்கிட்ட ஒண்ணும் சொல்லல. ஃபோன் சொல்லல. புள்ளி அட்டை சொல்லல. அவன் கதவைத் தட்டினப்பதான் எனக்கே தெரிஞ்சுது. நீ மறுநாளே வந்து சொன்னே. சந்தோஷமாத்தான் சொன்னே, ஆனாலும் சொன்னே. எனக்கு ஒன்பது நாள் கெடச்சுது. இதுக்கு முன்னாடி ஒரு நாள்கூடக் கெடச்சதில்ல."

செய்த தப்புக்கு நன்றி வாங்கியவள் இந்த உலகத்தில் நான் ஒருத்திதான் இருப்பேன். அன்று அழுத அழுகை வேறு மாதிரி இருந்தது.

அவன் திரும்பி வரவில்லை. ஏன் என்று எனக்குத் தெரியாது. "அவன் கையில இருந்தது பாதி முகமும் ஒரு ஊரு பேரும் லாண்டரின்னு ஒரு வார்த்தையும்தான், அதுக்கு மேல ஒண்ணும் கெடைக்கல" என்பாள் சுகாவா. இப்போது நான் அவளைத் தொமோயே என்றுதான் கூப்பிடுகிறேன். அடுத்த வசந்தத்தில் வக்கீல் மூலமாகவே விவாகரத்து முடிந்தது. காகிதம் எதிலும் அவள் முகவரி இல்லை. நகராட்சிப் பதிவேட்டையும் அவன் பார்க்க முடியாதபடி மறைத்துத் தந்தார்கள். அந்த அலுவலகத்துப் பெண்ணைப் பற்றிப் பேசினால் தொமோயே இன்றும் கை கூப்பாத குறைதான். இப்போது மாசத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எங்கள் பேட்டைக் கூடத்தில் ஃபோனோடு வருகிறவர்களுக்கு எதை மூடலாம், எதைத் திறந்து வைக்கலாம் என்று சொல்லித் தருகிறாள். பயப்படுவதற்கு அல்ல என்பாள், யாருக்கு எதைச் சொல்வது என்று நாமே முடிவு செய்வதற்கு.

போன மார்ச்சில் எங்கள் எல்லோரையும் வீட்டுக்குக் கூப்பிட்டாள். அவள் வீடு எங்கே என்று அதுவரை முதலாளியைத் தவிர யாருக்கும் தெரியாது. வழியைக் காகிதத்தில் வரைந்து கையில் கொடுத்தாள். பொரித்த கோழியும், தட்டை மாவுத் துண்டு போட்ட சூடான சூப்பும் செய்திருந்தாள். நாயோ வளர்ந்துவிட்டாள், பள்ளி வாத்தியக் குழுவில் சேர்ந்திருக்கிறாள். எங்களுக்காக டிராம்போன் வாசித்தாள். முதலாளி நன்றாக இருக்கிறது என்று பொய் சொன்னார்.

கிளம்பும்போது நாயோ என்னை வாசல்வரை கொண்டுவந்து விட்டாள். பள்ளிக்குள் போட்டுக்கொள்ளும் வெள்ளைக் காலணி ஒரு ஜோடி, தேய்ந்து பழசானது, கதவோரம் கிடந்தது.

"இதைத் தூக்கிப் போடாம வெச்சிருக்கியே?" என்றேன்.

"அது பத்தலை அத்தை. புதுசு வாங்கிட்டாங்க" என்றாள். பிறகு ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினாள். "இந்தப் பள்ளிக்கூடத்துக்குன்னு வாங்கினது, இந்தப் பள்ளிக்கூடத்துலயே சின்னதாப் போச்சு. எனக்கு இப்படி ஆனது இதுதான் மொத தடவை."